மதுரை வீரன் காலடியில் நிற்கும் பழைய வாளை என்ன செய்வது?

கேட்பவர்: கீழைக்கரை (மொரீஷியஸ்)

பெரியோர்களுக்கு வணக்கம். எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் வாசலின் வலப்புறத்தில் மதுரை வீரனுக்கு ஒரு சிறு சந்நிதி உண்டு. பொம்மியும் வெள்ளையம்மாளும் இருபுறமும் நிற்க, வீரன் குதிரைமேல் அமர்ந்திருக்கும் சுதைச் சிலை அது. சிலையின் கையில் இருப்பது வர்ணம் பூசிய மர வாள். அதைப் பற்றி எனக்குக் கேள்வி இல்லை. குதிரையின் காலடியில், சிமெண்ட் மேடையில் விட்ட ஒரு துளைக்குள் கைப்பிடி இறங்கியிருக்க, நுனி மேல்நோக்கி நிற்கும் இரும்பு வாளைப் பற்றித்தான் கேட்க வந்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைதோறும் அதன் நுனியில் எலுமிச்சம்பழம் குத்தி, சந்தனமும் குங்குமமும் வைத்து, செவ்வரளி சாத்துவது வழக்கம். என் தாத்தா அந்தச் சந்நிதியின் பூசாரியாக இருந்தார். அவருக்கு முன்னால் அவருடைய தகப்பனார். இருவருமே வாரம் முழுவதும் தோட்டத்தில் கரும்பு வெட்டிவிட்டு, வெள்ளிக்கிழமை அந்தியில் குளித்துவிட்டுப் பூசைக்கு வந்தவர்கள்.

அடுத்த ஆண்டு கும்பாபிஷேகம் நடத்தத் திட்டமிட்டிருக்கிறார்கள். வாளின் நுனி இரண்டு விரற்கடை அளவுக்கு அரித்துப் போய்விட்டது. உடல் முழுவதும் துரு. அங்கம் குறைந்த ஆயுதம் சந்நிதியில் இருக்கக் கூடாது, அதைக் கடலில் விட்டுவிட்டுத் தமிழ்நாட்டிலிருந்து சிங்கமுகப் பித்தளைப் பிடி போட்ட எவர்சில்வர் வாள் ஒன்றை வரவழைக்கலாம் என்று நிர்வாகக் குழுவில் சிலர் சொல்கிறார்கள். அதோடு நின்றிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். போன ஆடி வெள்ளிக்கு நான் அதைத் துடைத்தபோது, பல்லாண்டுச் சந்தனப் பொருக்குக்கு அடியில், பிடிக்குச் சற்று மேலே, இரும்பில் அடித்த ரோமன் எழுத்துகள் தெரிந்தன. இரண்டு எழுத்துகளைத் தவிர மற்றவை படிக்க முடியாதபடி தேய்ந்திருந்தன. அதைப் பார்த்த குழுப் பெரியவர் ஒருவர், “இது வாளே இல்லை தம்பி, கரும்பு வெட்டுகிற கத்தி. உன் தாத்தா தன் வேலைக் கத்தியைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். கூலி வேலைச் சாமானைத் தெய்வத்தின் முன்னால் வைத்து இத்தனை காலம் கும்பிட்டிருக்கிறோம்” என்று சொல்லிச் சிரித்தார். இங்குள்ள பேச்சுமொழியான கிரியோலில் வாள், கரும்புக் கத்தி இரண்டையும் ‘ஸாப்’ என்றே சொல்லிப் பழகிவிட்டதால், எது எது என்று இதுவரை எவரும் கேட்டதில்லை.

காவல் தெய்வத்துக்குப் போர்வாள்தான் வைக்க வேண்டும் என்று மரபில் ஏதேனும் இருக்கிறதா? நுனி போனதைக் கடலில் விடுவதுதான் முறையா? வைத்துக்கொள்ளலாம் என்றால், துருவை எப்படி எடுப்பது? அந்தச் சிரிப்பு எனக்குள் தைத்துவிட்டது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

பதில்: மேற்குச் சரிவு (ரீயூனியன்)

அண்ணா, எங்கள் தீவிலும் இதே கதைதான். இங்கே மதுரை வீரனின் பெயர் தேய்ந்து ‘மார்தெவிரன்’ என்றும், முனீஸ்வரனின் பெயர் ‘மினிஸ்பிரன்’ என்றும் ஆகிவிட்டன. ஆனால் அவர்கள் கையில் இருக்கும் இரும்பு தேயவில்லை. பிரெஞ்சிலும் கிரியோலிலும் கரும்பு வெட்டும் கத்திக்கும் போர்வாளுக்கும் ‘ஸாப்ர்’ என்ற ஒரே சொல்தான் வழங்குகிறது. எங்கள் கோயில்களில் காளிக்கும் காவல் தெய்வங்களுக்கும் ஆடும் சேவலும் பலியிடும் வழக்கம் இன்னும் உண்டு. ஆட்டின் தலை ஒரே வீச்சில் விழ வேண்டும். இரண்டாவது வீச்சு தேவைப்பட்டால் வெட்டியவருடைய விரதத்தில் குறை என்று ஊர் பேசும்.

எங்கள் குடும்பத்தில் அப்படிப்பட்ட கத்தி ஒன்று இருக்கிறது. அது என்னுடைய பூட்டன் தோட்டத்தில் வாங்கிய கரும்புக் கத்திதான் என்பதை வீட்டில் எவரும் மறைத்ததில்லை. ஆனால் ஒரு விதி மட்டும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்படுகிறது: ஒருமுறை சாமிக்கு என்று மஞ்சள்துணி சுற்றிவிட்டால், அந்தக் கத்தி மறுபடி வயலுக்குப் போகக் கூடாது. அதைக் கொண்டு ஒரு தேங்காய் கூட உடைக்க மாட்டார்கள். தீட்டுள்ளவர்கள் தொடுவதில்லை, தாண்டுவதில்லை. என் தந்தை அதைப் பெட்டியிலிருந்து எடுக்கும் நாளில், அதற்கு முன்பே பத்து நாள் கறிமீன் விலக்கியிருப்பார். இரும்பு எங்கே அடிக்கப்பட்டது என்று எவரும் கேட்பதில்லை. அது இப்போது யாருடையது என்பதுதான் எங்களுக்குக் கணக்கு.

வாள்களை விளிம்பு மேல்நோக்க ஏணிப்படிபோல் கட்டி, விரதம் இருந்தவர்கள் அதில் வெறுங்காலோடு ஏறும் நேர்த்திக்கடனையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்கள் நாட்டின் வடகரையில் மொன் சுவாசிப் பக்கம் அது நடப்பதை நான் ஒருமுறை வந்து பார்த்தேன். பாதத்தை நேராக வைத்து நேராக எடுப்பார்களே தவிர, வழுக்கவோ இழுக்கவோ விடமாட்டார்கள். கூர்விளிம்பு அழுத்தினால் அவ்வளவாக வெட்டாது, இழுத்தால்தான் வெட்டும் என்பது கரும்பு வெட்டியவனுக்குச் சொல்லித்தர வேண்டிய பாடமன்று. அந்த ஏணியில் எந்தப் படி போர்வாள், எந்தப் படி கரும்புக் கத்தி என்று எவரும் பிரித்துப் பார்த்து நான் கண்டதில்லை.

பதில்: ஏட்டுச்சுவடி (டர்பன், தென்னாப்பிரிக்கா)

கீழைக்கரை அவர்களுக்கு. ஓய்வு பெற்ற தமிழாசிரியன் என்ற முறையில், முதலில் சொல்லை எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் உங்கள் பெரியவரின் சிரிப்பு சொல்லில் இருக்கும் ஒரு மயக்கத்திலிருந்து பிறந்தது. ‘வாள்’ என்பது தமிழில் போர்க்கருவிக்கு மட்டும் உரிய பெயர் அன்று. கதிர் அரிவது அரிவாள். நம் பாட்டிமார் காய் நறுக்கியது அரிவாள்மணை. தச்சன் மரம் அறுப்பதும் வாள்தான். ஈர்வாள் என்று தெளிவுபடுத்தியும் சொல்வோம். “நாளென ஒன்றுபோற் காட்டி உயிர்ஈரும் வாளது” என்று திருவள்ளுவர் நாளை வாளாகக் காட்டும் இடத்தில், ‘ஈரும்’ என்ற வினையைக் கவனித்தால், அவர் கண்முன் இருந்தது போர்க்களத்து வாளைவிட, முன்னும் பின்னும் ஓடி மரத்தை அறுக்கும் வாளாகவே எனக்குத் தோன்றுகிறது. ஆகவே கிரியோல் ‘ஸாப்’ என்ற ஒரே சொல்லில் வேலைக் கருவியையும் போர்க்கருவியையும் அடக்கியது அறியாமையால் என்று நினைக்க வேண்டாம். தமிழ் அதை நெடுங்காலமாகச் செய்து வருகிறது. இன்னொன்று: பழந்தமிழில் வாள் என்றால் ஒளி. ‘வாள்நுதல்’ என்பது ஒளி பொருந்திய நெற்றி. துருவைப் பற்றிக் கேட்டீர்களே, அதற்காகவும் இதைச் சொல்லி வைக்கிறேன்.

காவல் தெய்வங்களின் கையில் இருப்பதைப் பார்த்தாலும் இதே கலப்புதான். ஐயனார் கையில் வாளோ, செண்டு என்னும் வளைந்த கோலோ இருக்கும். கருப்பர் கையில் வீச்சரிவாள். அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பருக்கு உருவமே கிடையாது. சந்தனம் பூசிய கதவுதான் தெய்வம், அதற்குக் காணிக்கையாக வருபவை அரிவாள்கள். சிவகங்கைச் சீமையில் திருப்பாச்சேத்தி என்றாலே அரிவாள்தான் நினைவுக்கு வரும். வீரனுடைய சந்நிதியில் இருப்பது போர்வாளாக இருந்தே தீர வேண்டும் என்று எந்த நாட்டார் மரபும் விதித்ததாக நான் அறியேன்.

வாளை நீராட்டிச் சிறப்பிப்பது நம் இலக்கணமே பேசும் வழக்கம். தொல்காப்பியப் புறத்திணையியலில் ‘வென்ற வாளின் மண்’ என்று ஒரு துறை வருகிறது; அங்கே மண் என்பது நீராட்டு. தலைவனைப் புகழும் பாடாண் திணையில் ‘வாள்மங்கலம்’ இருக்கிறது. வாளைத் தெய்வப்பொருளாகக் கண்ட மனம் கொடிய எல்லைவரை போனதும் உண்டு: நோயுற்று இறந்த மன்னரையும், போரில் விழுந்த மறவர் போகும் இடத்துக்கே போகட்டும் என்று வாளால் பிளந்து அடக்கியதை ஔவையார் புறநானூற்றின் 93ஆம் பாட்டில் சொல்கிறார். மாமல்லபுரத்தில் திரௌபதி ரதம் என்று அழைக்கப்படும் கோயிலின் உள்சுவரில், கொற்றவையின் காலடியில் ஒரு வீரன் தன் தலையைத் தானே அரிய முனையும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. அதைப் போற்றச் சொல்லவில்லை; வாளின் புனிதம் எப்போதும் மென்மையாக இருந்ததில்லை என்பதற்காகக் குறிப்பிடுகிறேன்.

நுனி உடைந்தது பற்றி. புறநானூற்றின் 95ஆம் பாட்டை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் போன ஔவையாரிடம், தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினானாம். பீலி (மயில்தோகை) அணிந்து, மாலை சூட்டி, காம்பு திருத்தி, நெய் பூசி இவை காவலுள்ள மாளிகையில் இருக்கின்றன என்கிறார் ஔவையார். அடுத்த மூச்சில், எங்கள் அரசனுடையவையோ பகைவரைக் குத்திப் பக்கமும் நுனியும் சிதைந்து கொல்லனுடைய சிறிய பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். பாட்டு புகழ்வது எந்தக் கொட்டிலை என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. சிங்கமுகப் பித்தளைப் பிடியைப் பற்றிப் படித்தபோது எனக்குப் பீலியும் மாலையும்தான் நினைவுக்கு வந்தன. குழுவினர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மேல்தளத்துச் சமயநெறி வாளை எப்படி எடுத்துக்கொண்டது என்பதையும் சுருக்கமாகச் சொல்கிறேன். திருமாலின் வாளுக்கு நந்தகம் என்று பெயர். பேயாழ்வாரை அதன் அம்சமாக வைணவர் கொள்வர். அந்த வாள் ஞானம், அதை மூடும் உறை அஞ்ஞானம் என்று விஷ்ணு புராணம் விரிக்கிறது. தேவி மாகாத்மியத்தில் அம்மனுக்கு வாளையும் கேடயத்தையும் கொடுப்பவன் காலன், அதாவது காலமே. மாணிக்கவாசகரோ திருப்படையெழுச்சியை “ஞானவாள் ஏந்தும் ஐயர்” என்று தொடங்கி, திருநீற்றைக் கவசமாக்கி, ஒரு துளி குருதி சிந்தாத படையெடுப்பு ஒன்றை நடத்தி முடிக்கிறார். இவையெல்லாம் அழகானவை. ஆனால் உங்கள் சந்நிதியில் நிற்பது உருவகம் அன்று, இரும்பு. அதை இரும்பாகவே மதிப்பதுதான் வீரனுக்குப் பொருந்தும் என்பது என் எண்ணம்.

பதில்: திருப்பணி (மொரீஷியஸ்)

நான் வேறொரு கோயிலின் திருப்பணிக் குழுவில் இருப்பவன். எல்லோரும் ஒரு பக்கமாகப் பேசுவதால் மறுபக்கத்தையும் வைக்கிறேன். சிவாச்சாரியாரை அழைத்து ஆகம முறைப்படி கும்பாபிஷேகம் செய்வது என்று முடிவு எடுத்த பிறகு, பின்னமானதைச் சந்நிதியில் வைத்திருப்பது முரண்பாடு. பழுதடைந்த கல் திருமேனியை ஆழமான நீரில் விடுவதும், மரத்தாலானதை எரியூட்டுவதும், உலோகத்தாலானதை உருக்கி மறுபடி வார்ப்பதும், பழுதானதைப் புதுப்பிக்கும் சீரணோத்தாரண முறை. புறநானூறு கும்பாபிஷேகத்துக்குப் பிரமாணம் ஆகாது.

இன்னொரு கவலையும் உண்டு. இந்த நாட்டில் செய்தித்தாளைத் திறந்தால் ‘ஸாப்’ என்ற சொல் எங்கே வருகிறது? அடிதடிச் செய்தியில் வருகிறது. என் பேரன் அந்தச் சொல்லைக் கோயிலில் கேட்பதற்கு முன்னால் தொலைக்காட்சியில் கேட்டுவிட்டான். சந்நிதியில் குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்தில், தெருச்சண்டையில் தூக்கும் அதே வடிவத்தில், ஓர் இரும்பு நிற்பதை இனியும் அப்படியே விடலாமா என்று யோசிக்க வேண்டும். பளபளப்புக்காக மட்டுமே புதிய வாள் கேட்கிறார்கள் என்று எண்ணிவிட வேண்டாம்.

பதில்: பட்டறை (போர்ட் லூயிஸ்)

திருப்பணி ஐயா சொன்ன விதியை அவர் சொன்னபடியே எடுத்துக்கொண்டாலும், உலோகத்தைக் கடலில் விட வேண்டிய தேவை இல்லை. கடலில் விடுவது கல்லுக்குச் சொன்னது. நான் துறைமுகப் பட்டறையில் இரும்போடு காலம் கழித்தவன். தேவையென்றால் பழைய இரும்பில் ஒரு துண்டை எடுத்துக் காய்ச்சி, புதிய வாளின் உடலோடு சேர்த்து அடித்துவிடலாம். ஆனால் அதற்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு.

நுனி ஏன் போயிற்று என்பதற்கு விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. எலுமிச்சம்பழம். வெள்ளிக்கிழமை குத்தியது அடுத்த வெள்ளிவரை அங்கேயே இருந்தால், புளிப்புச் சாறு வாரம் முழுவதும் நுனியை அரித்துக்கொண்டிருக்கும். ஈரச் சந்தனம் தண்ணீரைப் பிடித்து வைக்கும். கடற்காற்றின் உப்பு மீதி வேலையைச் செய்யும். எவர்சில்வர் வந்தாலும் இதிலிருந்து தப்பாது. உப்பும் புளிப்பும் சேர்ந்தால் அதிலும் ஊசிமுனை அளவு குழிகள் விழும். பழத்தை மறுநாள் காலையில் எடுத்துவிட்டு, ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி, எண்ணெய் தடவுங்கள். நல்லெண்ணெய் நாளடைவில் பிசினாகி அழுக்கைப் பிடிக்கும். தேங்காயெண்ணெய் தேவலை, அதைவிடத் தேன்மெழுகை இளஞ்சூட்டில் தேய்ப்பது நல்லது.

இருக்கிற துருவை எடுக்கக் கடையில் விற்கும் அமிலங்களைத் தொடாதீர்கள். எழுத்துகள் முதலில் போய்விடும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியை இரண்டு நாள் சுற்றி வைத்துவிட்டு, மெல்லிய எஃகுக் கம்பளியால் நீளவாக்கில் தேயுங்கள். கறுப்பாக ஒட்டிக்கொண்டிருப்பது இரும்புக்குக் காவல், அதை விட்டுவிடுங்கள். சிவப்பாக உதிர்வதை மட்டும் எடுங்கள்.

நுனியைவிட எனக்குக் கவலை தருவது கைப்பிடி. மேடையில் துளை என்கிறீர்கள். அபிஷேகத் தண்ணீர், பால், இளநீர் எல்லாம் அந்தத் துளைக்குள்தான் இறங்கித் தேங்கும். வெளியே தெரிவதைவிட உள்ளே நிலைமை மோசமாக இருக்கும். பிடியை வெளியே எடுத்து, துணி சுற்றியிருந்தால் பிரித்துப் பாருங்கள்.

கரும்புக் கத்தியா இல்லையா என்பதை எழுத்து முடிவு செய்யாது. ஷெஃபீல்டிலும் பர்மிங்காமிலும் தோட்டங்களுக்கென்றே கத்திகள் செய்து கப்பலில் அனுப்பினார்கள் என்பது உண்மைதான். ஆனால் அப்படி வந்த கத்தியை ஒருவர் புதிதாக வாங்கி நேரே கோயிலுக்கும் கொடுத்திருக்கலாம். விளிம்பைப் பாருங்கள். வேலை செய்த கத்தி சாணைக்கல்லில் தேய்ந்து தேய்ந்து, அதிகம் வெட்டுகிற பகுதியில் உள்வாங்கியிருக்கும். கோயிலுக்கென்றே வைத்தது அப்படித் தேயாது. பிடிப்பக்கத்திலும் நடுவிலும் அகலத்தை அளந்து எழுதுங்கள்.

கேட்டவர்: கீழைக்கரை

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை, குழுவின் அனுமதியோடு, அந்தப் பெரியவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாளை வெளியே எடுத்தேன். பட்டறை அண்ணன் சொன்னது அப்படியே பலித்தது. துளைக்குள் அரைவிரல் ஆழத்துக்குக் கறுத்த சேறு. பிடியைச் சுற்றியிருந்த துணி நான்கு அடுக்கு. மேலே சிவப்பு, அதற்குள் மஞ்சள், அதற்குள்ளும் மஞ்சள், கடைசியில் நிறம் சொல்ல முடியாத சாக்குத்துணி. உள்ளே இருந்த மரம் உளுத்து, விரல் பட்டவுடன் தூளாக உதிர்ந்தது. மூன்று ஆணிகளில் ஒன்று மட்டும் இரும்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. இன்னும் ஓராண்டு விட்டிருந்தால் ஒரு வெள்ளிக்கிழமை அது தானாகவே சரிந்திருக்கும்.

அளந்தும் பார்த்தேன். பிடிப்பக்கத்தில் அகலம் ஐந்தரைச் சென்டிமீட்டர், நடுவில் நான்குக்கும் சற்றுக் குறைவு. விளிம்பு பிறைபோல் உள்வாங்கியிருக்கிறது. ஆகவே அது வேலை செய்த கத்திதான். பெரியவர் சொன்னது சரி. அவர் அந்த வளைவின்மேல் கட்டைவிரலை மெல்ல ஓட்டிப் பார்த்துவிட்டு, தம் தகப்பனார் வைத்திருந்த கத்தியும் இதே இடத்தில்தான் தேய்ந்திருக்கும், கரும்பை அடியோடு வெட்டும்போது இந்த இடம்தான் படும் என்றார். பிறகு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. இந்த முறை சிரிக்கவும் இல்லை.

இன்று குழு கூடியது. கத்தியைக் கடலில் விடும் பேச்சு கைவிடப்பட்டது. சிவாச்சாரியாரிடம் கேட்டபோது, வீரனுடைய ஆயுதம் மூல விக்கிரகம் ஆகாது, அதன் சக்தியைக் கும்பத்தில் ஆவாகனம் செய்து, அதாவது எழுந்தருளச் செய்துவிட்டுச் செப்பனிட்டு மறுபடி வைக்கத் தடையில்லை என்று தம் கருத்தைச் சொன்னார். எவர்சில்வர் வாளையும் வாங்கத்தான் போகிறார்கள். பணம் கொடுத்த குடும்பத்தின் மனம் நோகக் கூடாது. அது சிலையின் கையில் இருக்கும் மர வாளின் இடத்துக்குப் போகிறது. திருப்பணி ஐயா சொன்ன கவலை நியாயமானது என்பதால், மேடைக்கு முன்னால் இடுப்பளவு கம்பித் தடுப்பு ஒன்று வைக்க நானே கேட்டுக்கொண்டேன்.

பட்டறை அண்ணனுக்கு ஒரே ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. புதுப் பிடிக்குப் புளியமரக் கட்டை போதுமா, அல்லது வேறு மரம் பார்க்க வேண்டுமா? துளையின் அடியில் தண்ணீர் வடிய ஒரு குழாய் விடலாம் என்று கொத்தனார் சொல்கிறார். சனிக்கிழமை வேலையைத் தொடங்குகிறார், அதற்குள் சொன்னால் உதவியாக இருக்கும்.